என்.எஸ்.எஸ்.-ல் இருந்தால் வேலை கிடைக்குமா?

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "கல்லூரியில் என்.எஸ்.எஸ்.-ல் இருக்கிறேன். அடுத்த விடுமுறையில் ஏழு நாள் முகாம். அதே நாட்களில் ஊரில் டேலி (கணக்கு மென்பொருள்) வகுப்பும் தொடங்குகிறது. சேவை சோறு போடாது, டேலி படி என்கிறார் அப்பா. முகாமுக்குப் போனால் வேலைக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?" முகாமா டேலியா என்பது மட்டும்தான் சிக்கல் என்றால் தேதியை மாற்றிக் கேட்டுப் பார்த்தே முடித்துவிடலாம். கேள்வியை இரண்டு தடவை படித்தபோது அவர் கவலை வேறு என்று பட்டது. பட்டப்படிப்புக் காலத்தில் இவ்வளவு நேரத்தைக் கூலியில்லாத வேலைக்குக் கொடுத்துவிட்டு, நாளைக்கு இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அதைத் துளியும் மதிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் ஆசிரியர். பல வருடம் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக இருந்தேன், பிறகு பிளேஸ்மென்ட் பொறுப்பைத் தலையில் கட்டினார்கள். அதனால் மாணவர்கள் முகாமில் என்ன செய்கிறார்கள் என்பதையும் தெரியும், அதை இன்டர்வியூவில் எப்படிச் சொதப்புகிறார்கள் என்பதையும் தெரியும். என் அனுபவம் தென் மாவட்டக் கல்லூரிகளைச் சுற்றியது. ஐ.ஐ.டி.யில் படிப்பவருக்கோ மருத்துவ மாணவருக்கோ நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

முதலில் என்.எஸ்.எஸ். பற்றிக் கொஞ்சம், வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஒரு தொண்டர் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் இருக்க வேண்டும். இரண்டும் முடித்தால் சான்றிதழ். நூறு பேர் கொண்ட ஓர் அலகுக்கு ஒரு திட்ட அலுவலர். முகாமுக்கு அதில் பாதி, அதாவது ஐம்பது பேர் போவார்கள். நம் மாநிலக் கலை அறிவியல் கல்லூரிகளில் இது பாடத்திட்டத்தின் பகுதி ஐந்தில் ஒரு கிரெடிட்டாக வருகிறது. அந்த ஒரு கிரெடிட்டுக்காகப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போன் பார்க்கிறவர்கள் எல்லா அலகிலும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன், அது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அந்தச் சான்றிதழ் மட்டும் யாருக்கும் வேலை வாங்கித் தராது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் முடிகிறது, அங்கே நீங்கள் எத்தனை மரம் நட்டீர்கள் என்று கேட்க ஆளே இல்லை. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கல்லூரிக்கு வந்தால் முதல் சல்லடை ஆன்லைன் திறனறித் தேர்வு. அதில் கணக்கும் ஆங்கிலமும் வராதவரின் ரெஸ்யூமை யாரும் திறப்பதுகூட இல்லை. சான்றிதழே நேரடியாகக் கதவைத் திறக்கிற இடம் என்று பார்த்தால் அது தேசிய மாணவர் படையான என்.சி.சி.தான். 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர் ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவில், எழுத்துத் தேர்வு இல்லாமல், அதிகாரிகளை நேரில் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்கே போகலாம். என்.எஸ்.எஸ்.-க்கு அப்படி ஒன்றும் கிடையாது. உங்கள் அப்பா சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அப்படியென்றால் முதலாளிகள் இதைக் கண்டுகொள்வதே இல்லையா? வெளிநாட்டு ஆய்வுகள் இரண்டு உண்டு. பெல்ஜியத்தில் ஸ்டைன் பார்ட், சுஞ்சிகா வூயிச் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் கற்பனை விண்ணப்பங்களை உண்மையான காலியிடங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மற்ற தகுதிகள் ஒன்றுபோல இருக்க, தன்னார்வப் பணி எழுதியிருந்த விண்ணப்பங்களுக்கு இன்டர்வியூ அழைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. 2018-ல் வெளியான ஆய்வு அது. அமெரிக்காவில் தேசிய சேவைக்கான அரசு நிறுவனம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை, வேலை இல்லாமல் இருந்தவர்களில் தன்னார்வப் பணி செய்தவர்களுக்கு வேலை கிடைக்கும் சாத்தியம் 27 சதவீதம் அதிகம் என்றது. இரண்டில் எனக்கு முதலாவதன் மேல்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அங்கே விண்ணப்பதாரரே கற்பனை. சுறுசுறுப்பான ஆள் என்பதால் வேலை கிடைத்தது என்று சொல்ல வழியில்லை. அமெரிக்க அறிக்கையில் அந்தச் சந்தேகம் அப்படியே நிற்கிறது. ஆனால் பெல்ஜியத்தில் ஒருவர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உட்கார்ந்து படிக்கிறார். நம் ஊரில் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் விண்ணப்பங்களை மதிப்பெண்ணும் தேர்வும்தான் முதலில் கழிக்கின்றன. அந்த எண்ணை இங்கே தூக்கிக்கொண்டு வந்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

இனி, சல்லடையைத் தாண்டி நேருக்கு நேர் உட்கார்ந்த பிறகு நடப்பது. இங்கே எனக்குச் சந்தேகம் ரொம்பக் குறைவு. நானும் சக ஆசிரியர்களும் மாதிரி இன்டர்வியூ நடத்தும்போது திரும்பத் திரும்பப் பார்ப்பது: கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வந்தவரிடம் சொல்ல எதுவும் இருப்பதில்லை. ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் தன் தலைதான் உருளும் என்ற நிலையில் ஒரு பொறுப்பை வைத்திருந்தவரிடம் சொல்ல நிறைய இருக்கும். அதனால் என்.எஸ்.எஸ்.-ல் இருக்கிறீர்களா என்பதைவிட, அங்கே உங்கள் கையில் எந்த வேலை இருக்கிறது என்று நான் கேட்பேன்.

உங்கள் துறைக்கே வருகிறேன். முகாமில் யாரும் விரும்பாத வேலை கணக்கு. ஐம்பது பேருக்கு ஏழு நாள் மூன்று வேளைச் சாப்பாடு, கூடவே சாமியானா, மைக் செட், வேன் வாடகை. அரசு தரும் தொகை பத்தாது என்பது எல்லாத் திட்ட அலுவலருக்கும் தெரியும். ஊரில் ஒருவர் அரிசி மூட்டை தருவார், இன்னொருவர் ஒரு நாள் சாப்பாட்டை ஏற்றுக்கொள்வார், அதையும் எழுதி வைக்க வேண்டும். சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அம்மா பில் தரமாட்டார். வவுச்சர் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஐயாயிரத்துக்கு மேல் ரொக்கம் வாங்கியதற்கான ரசீது என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். சமையல்காரர் மூன்றாம் நாளே, "எண்ணெய் தீந்துபோச்சு சார்" என்று வந்து நிற்பார். வாங்கியது எவ்வளவு, தீர்ந்தது எவ்வளவு என்று அப்போது சொல்லத் தெரிந்த மாணவி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் திட்ட அலுவலருக்குப் பாதிப் பாரம் குறைந்த மாதிரி. கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கி, தணிக்கையாளரிடம் காட்டி, பயன்பாட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். ரொக்கப் புத்தகம், வவுச்சர், முன்பணம், தணிக்கை என்று நீங்கள் வகுப்பில் படித்த அத்தனையும் அந்த ஏழு நாளில் நிஜப் பணத்தோடு நடக்கிறது. ஒரு நாள் இரவு கையிருப்பு இருநூறு ரூபாய் இடித்தால், அது எங்கே போனது என்று தெரியாமல் தூக்கம் வராது. எந்த வகுப்பும் அதைச் சொல்லித்தராது.

கண் சிகிச்சை முகாம் இன்னொன்று. மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளின் குழு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நடத்தும். பதிவு, பார்வை சோதனை, கண் அழுத்தம், சர்க்கரை, டாக்டர் என்று ஒவ்வொரு மேஜையாக வரிசை நகரும். நம் மாணவர்களைப் பெரும்பாலும் பதிவு மேஜையில் உட்கார வைப்போம். ஒரு பாட்டி வருவார். "வயசு என்ன பாட்டி?" "அது கெடக்கு, ஒரு அம்பது அறுபது இருக்கும், நீயே போட்டுக்கோ." முதல் நாள் மாணவர்கள் அறுபது என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். கொஞ்சம் பழகியவர்கள், "எம்ஜிஆர் முதல்வரானப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பார்கள். "அப்பவே எனக்கு ரெண்டு புள்ள" என்று பதில் வரும். எம்ஜிஆர் முதல்வரானது 1977. ஒரு சின்னக் கழித்தல் போட்டால் பாட்டிக்கு எழுபதாவது இருக்கும் என்று தெரிந்துவிடும். வங்கியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ மருத்துவமனை முன்மேஜையிலோ வேலைக்குப் போனால் நாள் முழுக்கச் செய்யப்போவது இதைத்தான். எதிரில் இருப்பவருக்குத் தான் சொல்ல வேண்டியது என்னவென்றே தெரியாது. கோபப்படாமல், அவருக்குத் தெரிந்த பாஷையில் கேட்டு அதை வாங்க வேண்டும்.

வீடு வீடாகப் போகிற கணக்கெடுப்பும் அப்படித்தான். "கழிப்பறை இருக்கா?" என்று கேட்டால் தெருவே "இருக்கு" என்று சொல்லும். படிவத்தில் டிக் அடித்துக்கொண்டே போகலாம். "தண்ணி எங்கிருந்து எடுத்துட்டுப் போவீங்க?" என்று இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவருக்குத்தான் உள்ளே விறகு அடுக்கியிருப்பது தெரியும். இப்படி ஒரு படிவத்தைச் சந்தேகப்படக் கற்றவரை எந்த அலுவலகத்திலும் மேலாளர் சீக்கிரம் கவனிப்பார்.

ரத்ததான ஒருங்கிணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் போன் பேசுகிற வேலை. முகாமுக்கு நூறு பேர் பெயர் கொடுப்பார்கள், பாதிப் பேர் வந்தால் பெரிது. வந்தவர்களில் எடை 45 கிலோவுக்குக் குறைந்தவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். ஹீமோகுளோபின் 12.5 இல்லாதவர்களையும் அனுப்பிவிடுவார்கள், பெண் பிள்ளைகள் பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஒருமுறை கொடுத்த ஆண் மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் கணக்கில் வைத்துப் பட்டியல் போட்டு, பின்தொடர்ந்து போன் செய்து, கடைசி நேரத்தில் மனம் மாறுகிறவரைத் திட்டாமல் விடக் கற்றுக்கொள்கிற மாணவர், மனிதவளத் துறையில் ஆள் எடுக்கிற வேலையை ஏற்கெனவே பாதி செய்து முடித்தவர். ராத்திரி பதினோரு மணிக்கு ஓ நெகட்டிவ் கேட்டு யாரோ கூப்பிடும்போது, உடனே எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் தட்டிவிடாமல், எந்த மருத்துவமனை, எந்த வார்டு, ரத்த வங்கியில் கேட்டாயிற்றா என்று நிதானமாக விசாரிக்கிற பழக்கமும் அங்கே வந்துவிடும்.

பேரிடர் நேரம் தனிக் கதை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது வெளி மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாகப் பொருள் போனது. முதன்மைச் சாலையோர ஊர்களிலேயே பாதி இறங்கிவிட, உள்ளே தள்ளி இருந்த ஊர்கள் காத்துக் கிடந்தன. கிளம்புவதற்கு முன் அங்கே யாரிடமாவது பேசி, தேவை தார்ப்பாயா மெழுகுவத்தியா என்று கேட்டுக்கொண்டு போன குழுவுக்கும், பழைய துணி மூட்டையோடு போன குழுவுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் வேலைக்கு உதவும் என்று நினைத்து யாரும் வெள்ளத்துக்குள் இறங்க வேண்டாம். நீச்சலும் பயிற்சியும் இல்லாத மாணவர்கள் அங்கே இன்னொரு சுமைதான். கல்லூரியில் இருந்தபடியே பொருளைப் பிரித்துக் கட்டுவது, பட்டியல் போடுவது போதும்.

இதில் ஆங்கிலத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் "மைசெல்ஃப்" என்று தொடங்கி மனப்பாடம் செய்த அறிமுகத்தை ஒப்பிப்பார்கள், நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். அதே பெண்ணிடம், "முகாமில் எண்ணெய் தீர்ந்துபோன அன்று என்ன செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். இலக்கணம் தடுக்கும், ஆனால் பேச்சு நிற்காது. நடந்தது தலைக்குள் படமாக இருக்கிறது, வார்த்தைதான் தேட வேண்டும். இன்டர்வியூ செய்கிறவர்களும் இப்போது "உங்கள் பலம் என்ன" என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு, "ஒரு சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள், ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். கையில் உண்மையான சம்பவம் நாலைந்து இருப்பவருக்கு அது வசதி. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் அந்தக் கேள்விக்கு இறுதியாண்டு புராஜெக்டைத்தான் சொல்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் கடையில் வாங்கியது, இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

சந்தேகமான பக்கத்துக்கு வருகிறேன். தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்தல் என்று ஆண்டறிக்கையில் நாங்களே எழுதுவோம். அது முகாமால் வந்ததா, ஏற்கெனவே இருந்தவர்கள்தான் முகாமுக்கு வந்தார்களா என்பதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். வாய் பேசுகிற பிள்ளை என்.எஸ்.எஸ்.-ல் சேரும், செயலாளர் ஆகும், வேலையும் வாங்கும், இதில் என்.எஸ்.எஸ்.-க்கு எவ்வளவு பெருமை சேரும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு மாற்றத்தை மட்டும் தைரியமாகச் சொல்வேன். வீட்டை விட்டு ஓர் இரவுகூட வெளியில் தங்காத பெண்கள், அனுமதிக் கடிதத்தோடு தனியாக ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், "அலுவலர் மீட்டிங்ல இருக்காரு, நாளைக்கு வாங்க" என்பதைக் கேட்டுவிட்டு, மறுநாளும் போய்க் கையெழுத்தோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிறகு சென்னைக்கோ கோவைக்கோ வேலைக்குப் போகத் தயங்குவது குறைவு.

எல்லா என்.எஸ்.எஸ்.-ம் ஒன்றல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் தோண்டிய அதே குழியில் இந்த வருடமும் மரக்கன்று நட்டு, பேனர் பிடித்துப் போட்டோ எடுத்து, டிபன் சாப்பிட்டுக் கலைகிற அலகுகள் இருக்கின்றன. பட்டமளிப்பு விழாவுக்கு நாற்காலி போடவும் வி.ஐ.பி. காருக்கு வழிகாட்டவும் தொண்டர்களைக் கூப்பிட்டு அதைச் சேவை மணிக்கணக்கில் ஏற்றுகிற நிர்வாகங்களும் உண்டு. உங்கள் அலகு அப்படிப்பட்டது என்றால் அப்பா சொல்வதைக் கேளுங்கள். ரத்ததானக் கழகத்திலோ, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கிற குழுவிலோ, பக்கத்து அரசுப் பள்ளியில் மாலையில் சொல்லிக்கொடுக்கிற வேலையிலோ அதே நேரத்தைப் போட்டால் பலன் கூடுதல்.

இதற்கெல்லாம் நேரமே இல்லாத மாணவர்களை மறந்துவிடக் கூடாது. சனி ஞாயிறு கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் போகிறவர், சாயங்காலம் ஜவுளிக்கடையில் நிற்கிறவர், உணவு டெலிவரி செய்கிறவர் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். தொண்டுப் பணி இல்லையே என்று அவர்கள் குறைபட ஒன்றுமில்லை. முந்நூறு இலைப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடி, கடைசிப் பந்தியில் பாயசம் பத்தாமல் போனபோது சமாளித்தவரிடம் நான் மேலே சொன்ன அத்தனை திறமையும் இருக்கிறது. என்ன, கூச்சப்பட்டு அதை ரெஸ்யூமில் எழுதுவதில்லை. எழுதுங்கள் என்று நான் வற்புறுத்தியவர்களை, இன்டர்வியூவில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அதிக நேரம் பேச வைத்திருக்கிறார்கள்.

எழுதுவது பற்றி. ஒவ்வொரு தொண்டருக்கும் பணி நாட்குறிப்பு உண்டு. பெரும்பாலோர் வருடக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே நாளில் எல்லாப் பக்கத்தையும் நிரப்புவார்கள். அன்றன்று ராத்திரி மூன்று வரி எழுதுங்கள்: என் பொறுப்பு என்ன, எத்தனை பேர் அல்லது எவ்வளவு பணம், எது கோளாறானது, அதற்கு என்ன செய்தேன். இரண்டு வருடம் கழித்து "என்.எஸ்.எஸ். தொண்டர், 2 ஆண்டுகள்" என்று ரெஸ்யூமில் எழுதுவதற்குப் பதில், "50 பேர் கொண்ட 7 நாள் முகாமின் ரொக்கக் கணக்கையும் வவுச்சர்களையும் பராமரித்துத் தணிக்கைக்கு ஒப்படைத்தேன்" என்று எழுதலாம். எண்களைக் கூட்டிப் போட வேண்டாம். ஒரு குறுக்குக் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

சில வழிகளில் இது நேரடியாகவும் எடைபோடப்படும். சமூகப் பணி முதுகலை, தொண்டு நிறுவனங்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவு, டீச் ஃபார் இந்தியா, காந்தி ஃபெலோஷிப் என்ற இளைஞர் களப்பணித் திட்டங்கள் எல்லாம் களத்தில் நின்ற அனுபவத்தைக் கேட்டு விசாரிக்கும். குடிமைப் பணித் தேர்வின் கடைசிக் கட்ட ஆளுமைத் தேர்விலும், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியதிலிருந்தே கேள்வி வரும். கிராமக் கிளைகளுக்கு ஆள் எடுக்கும் சிறுகடன் நிறுவனங்களும் ஊருக்குள் போய்ப் பேசத் தெரிந்தவரைத்தான் தேடுகின்றன.

உங்கள் கேள்வியின் கடைசித் துண்டு: டேலியா முகாமா? டேலி வகுப்பு அடுத்த மாதமும் தொடங்கும், அடுத்த தெருவிலும் நடக்கும். முகாம் வருடத்துக்கு ஒன்று, மூன்றாம் ஆண்டில் உங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம். அதனால் முகாமுக்குப் போங்கள் என்பேன், ஆனால் வெறுமனே போகாதீர்கள். திட்ட அலுவலரிடம் இப்போதே போய்க் கணக்குப் பொறுப்பைக் கேளுங்கள். வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், உடனே கொடுத்துவிடுவார். திரும்பி வந்து டேலியில் சேரும்போது வகுப்பில் கொடுக்கிற ஏபிசி டிரேடர்ஸ் பயிற்சிக் கணக்கோடு உங்கள் முகாம் வவுச்சர்களையும் ஏற்றிப் பாருங்கள். அரியர் ஏதாவது நிலுவையில் இருந்தால் மட்டும் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் முடியுங்கள். அப்பாவிடம் சேவையின் மகத்துவம் பற்றிப் பேசி வாதாட வேண்டாம். பெண்கள் எங்கே தங்குகிறார்கள், ஆசிரியை ஒருவர் இரவும் கூடவே இருக்கிறாரா, கழிப்பறை வசதி எப்படி, அவசரத்துக்கு யாருடைய நம்பர் என்று திட்ட அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பெரும்பாலான அப்பாக்கள் வாய்விட்டுக் கேட்பது டேலியைப் பற்றி இருந்தாலும் மனசில் ஓடுவது இதுதான். இந்தக் கேள்விகளுக்கு உங்கள் கல்லூரி ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்றால், அந்த முகாமுக்குப் போக வேண்டாம் என்று நானும் சொல்வேன்.